பதிவேட்டில் பெண்கள்

சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. அதற்கென வாக்காளர் பட்டியல் தயாரிக்கப்பட்டபோது, அலுவலர்கள் எதிர்பாராத இடையூறு ஒன்று எழுந்தது. வடஇந்தியாவின் பல பகுதிகளில், வீடு தேடி வந்த அலுவலரிடம் பெண்கள் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய், இன்னாருடைய மகள் என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். அவ்வாறே பதிவும் செய்யப்பட்டது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் இதனை ஏற்கவில்லை. வாக்காளர் ஒவ்வொருவரும் தம் பெயராலேயே அறியப்பட வேண்டும் என்று ஆணையிட்டார்; பெயரைத் திருத்திக்கொள்ளக் கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. அதன் பின்னரும் பெயர் சொல்லாதவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களுள் இவ்விதம் வாக்கிழந்தவர்கள் சுமார் 28 இலட்சம் பேர். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்களே இவர்களுள் பெரும்பாலோர்.

சுகுமார் சென்னின் முடிவு கடுமையானது என்று அன்று சிலர் கருதியிருக்கலாம். ஆயினும் அடுத்து வந்த தேர்தல்களில் இக்குறை பெரிதும் நீங்கியது என்பதை நோக்கும்போது, அக்கடுமையின் பயன் விளங்கும். அரசியலமைப்புச் சட்டம் வாக்குரிமையை வழங்கிவிட்டது. அவ்வுரிமை ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேர, ஏட்டில் அவள் பெயர் ஏறவேண்டியிருந்தது.

பெண்களின் வரலாறு பெரும்பாலும் பெரியோர் சிலரின் வரலாறாகவே பாடநூல்களில் சொல்லப்படுகிறது. சீர்திருத்தவாதிகள், விடுதலைப் போராட்ட வீராங்கனைகள், முதற் பெண் மருத்துவர், முதற் பெண் அமைச்சர் என்று அது நீளும். இது தவறன்று, ஆனால் போதாது. வாக்காளர் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு, நிலப் பட்டா, கூலிப் பட்டியல், வங்கிக் கணக்கேடு ஆகியவற்றிலும் பெண்களின் வரலாறு எழுதப்பட்டு வந்துள்ளது; சில இடங்களில் எழுதப்படாமலும் விடப்பட்டுள்ளது. அரசாங்கம் எதைக் கணக்கில் எடுக்கிறதோ அதற்கே நிதி ஒதுக்குகிறது. ஆகவே இந்த ஏடுகளில் பெண்கள் எவ்வாறு இடம்பெற்றனர் என்னும் கேள்வி வரலாற்று மாணவருக்கு மட்டுமன்றி, திட்டமிடும் அலுவலருக்கும் உரியதாகும்.

சமையலறையில் ஓர் ஏடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் தாமே எழுத முற்பட்டது பெரிய திருப்பம் எனலாம். 1848ஆம் ஆண்டில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் புனே நகரில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். வங்காளத்தில் ராஸ்சுந்தரி தேவி என்னும் குடும்பப் பெண், பெண்கள் படிப்பது குற்றமெனக் கருதப்பட்ட சூழலில், சமய நூல் ஒன்றின் ஏட்டைச் சமையலறையில் மறைத்து வைத்து, வேலைக்கிடையே எழுத்தறிந்தார். அவர் எழுதிய தன்வரலாறு 1876இல் வெளிவந்தது. வங்க மொழியில் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு இது. 1882இல் தாராபாய் ஷிண்டே மராத்தியில் ஆண், பெண் இருபாலரின் ஒழுக்கத்திற்கும் சமூகம் வைத்துள்ள இருவேறு அளவுகோல்களைச் சாடி நூல் எழுதினார். பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் விதவையருக்கென சாரதா சதன் என்னும் இல்லத்தை நிறுவினார்.

1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம், 1891ஆம் ஆண்டின் சம்மத வயதுச் சட்டம், 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் ஆகியவை பலரும் அறிந்தவை. இச்சட்டங்களைப் பற்றிய விவாதங்களில் பெண்களைப் பற்றி ஆண்களே பெரிதும் பேசினர். எனவேதான் ராஸ்சுந்தரி தேவியின் தன்வரலாறு போன்ற நூல்களுக்குத் தனி மதிப்பு உண்டு. விடிகாலை முதல் இரவு வரை ஒரு குடும்பப் பெண் செய்த வேலை எவ்வளவு, உண்ணவும் அவளுக்கு நேரம் கிடைத்ததா என்பதை அவை சொல்கின்றன. அக்காலத்து அரசாங்க அறிக்கை எதிலும் இச்செய்தியைக் காண முடியாது.

மறக்கப்பட்ட ஓர் அறிக்கை

இந்தியாவில் திட்டமிடுதல் 1951இல் தொடங்கியது என்பது பொதுவான எண்ணம். அதற்கு முன்னரே, 1938இல், காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸின் முயற்சியால் தேசியத் திட்டக் குழு அமைக்கப்பட்டது. ஜவாஹர்லால் நேரு அதன் தலைவர். பொருளியல் அறிஞர் கே. டி. ஷா அதன் செயலாளர். தொழில், வேளாண்மை, நிதி என்று பல துணைக் குழுக்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று, திட்டமிட்ட பொருளாதாரத்தில் பெண்களின் பங்கினை ஆராய 1939இல் நிறுவப்பட்டது. ராணி லட்சுமிபாய் ராஜ்வாடே அதற்குத் தலைமை வகித்தார்.

அத்துணைக் குழுவின் அறிக்கை 1947இல் நூலாக வெளியிடப்பட்டது. இன்று அதனைப் படிப்போர் வியப்படைவர். பெண்ணைக் குடும்பத்தின் உறுப்பாக மட்டும் கருதாமல் தனி மனிதராகவும் தனி உழைப்பாளியாகவும் கருத வேண்டும் என்பது அதன் அடிப்படை. சம வேலைக்குச் சம ஊதியம், பெண்ணின் பெயரில் சொத்து, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை அது வற்புறுத்தியது. வீட்டில் பெண் செய்யும் வேலைக்கும் பொருளாதார மதிப்பு உண்டு என்றும், அதனால் குடும்ப வருவாயில் ஒரு பகுதியின் மீது அவளுக்கு முழு உரிமை வேண்டும் என்றும் அக்குழு எடுத்துரைத்தது. இவ்வாறு சொன்னவர்கள் பெரும்பாலும் வசதியான குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சாதி பற்றியும் நிலமற்ற கூலிப் பெண்களைப் பற்றியும் அவர்களுக்கு இருந்த அறிவு குறைவு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் பின்னாளில் புதியன எனப் பேசப்பட்ட கோரிக்கைகள் பல இந்த அறிக்கையில் உள்ளன.

நாடு விடுதலை பெற்றபின் இவ்வறிக்கை அலமாரியில் தங்கிவிட்டது. முதல் ஐந்தாண்டுத் திட்டங்களில் பெண்கள் சமூக நலத்தின் கீழ் வைக்கப்பட்டனர். 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் நிறுவப்பட்டு அரிய தொண்டுகள் ஆற்றியது. ஆனால் திட்ட ஆவணங்களில் பெண் உதவி பெறுபவளாக இடம்பெற்றாளேயன்றி, உற்பத்தியில் பங்கு கொள்பவளாக இடம்பெறவில்லை.

1971ஆம் ஆண்டுக் கணக்கு எழுப்பிய கேள்விகள்

சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவிக்கப்பட்ட 1975ஐ முன்னிட்டு, பெண்களின் நிலை பற்றி அறிக்கை தருமாறு ஐக்கிய நாடுகள் சபை உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இதன் பொருட்டு மத்திய அரசு 1971இல் டாக்டர் பூல்ரேணு குஹாவின் தலைமையில் பெண்கள் நிலைபற்றிய குழு ஒன்றை அமைத்தது. வீணா மஜும்தார் பின்னர் அதன் உறுப்பினர்-செயலாளரானார். சட்ட அறிஞர் லோதிகா சர்க்கார், மானிடவியலறிஞர் லீலா துபே ஆகியோரும் உறுப்பினர்களாயினர். இருபத்தைந்து ஆண்டுகளில் கிடைத்த முன்னேற்றத்தைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை வரும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். 1974ஆம் ஆண்டின் இறுதியில் குழு அளித்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கை அந்த எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது.

குழுவினரைத் திடுக்கிடச் செய்தது மக்கள்தொகைக் கணக்கின் ஒரு வரிசை. ஆயிரம் ஆண்களுக்கு இருந்த பெண்களின் எண்ணிக்கை 1901இல் 972. அது 1951இல் 946ஆகவும், 1971இல் 930ஆகவும் குறைந்திருந்தது. இந்த எண்கள் ஒன்றும் மறைவாக இருக்கவில்லை. ஒவ்வொரு பத்தாண்டும் அச்சிடப்பட்டு எல்லா நூலகங்களிலும் கிடைத்தவையே. அவற்றைச் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்டவர்கள்தாம் இல்லை. பெண் குழந்தைகளின் உணவிலும் மருத்துவத்திலும் காட்டப்படும் புறக்கணிப்பும், பேறுகால இறப்பும் உயிர்களைக் கொண்டுபோகின்றன என்பதைக் குழு சுட்டிக்காட்டியது.

இந்தக் கவலை இன்னும் தீரவில்லை. மொத்த மக்கள்தொகையில் இந்த விகிதம் 2011இல் 943ஆக உயர்ந்தது உண்மையே. ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 1961இல் 976ஆக இருந்த விகிதம் 2011இல் 920க்கும் கீழே இறங்கிவிட்டது. கருவிலேயே பாலினம் அறியும் வசதி வந்தபின் நேர்ந்த கேடு இது. அதனைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில் ஆயிரம் ஆண்களுக்கு 1020 பெண்கள் என்று வந்ததை வைத்து, சிக்கல் தீர்ந்ததாகச் சிலர் எழுதினர். அது மாதிரி ஆய்வு. வேலை தேடி வெளியூர் சென்ற ஆண்கள் விடுபடக்கூடும். அதே ஆய்வு, முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 929 பெண்கள் என்று காட்டியது. மாணவர்கள் ஒரே அறிக்கையின் இரு எண்களையும் சேர்த்தே படிப்பது நல்லது.

வேலை என்பது எது?

1974ஆம் ஆண்டுக் குழுவின் கவனத்தை ஈர்த்த இரண்டாவது செய்தி, பெண் தொழிலாளர்களின் எண்ணிக்கை. 1961ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 6 கோடிப் பெண்கள் உழைப்பாளர்களாக இருந்தனர். 1971ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் 3 கோடிக்குச் சற்றே கூடுதலானவர்கள். பத்தே ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டார்களா? அவ்வாறு நேர்ந்திருக்க இயலாது என்பதை வயலைப் பார்த்தவர் எவரும் அறிவர்.

விடை பெருமளவு வரையறையில் இருந்தது. 1951இல் மக்கள், தம்மைத் தாமே காப்பவர், ஈட்டும் சார்பாளர், ஈட்டாத சார்பாளர் என்று மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். வயலில் நாள் முழுதும் உழைத்தாலும் கையில் கூலி வாங்காத மனைவி எவ்வகையில் சேர்வாள் என்பது எழுதுபவரின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று. 1961இல் வரையறை விரிந்தது. பருவ வேலையாயின், வேலைப்பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் முறையாக உழைத்தவர் அனைவரும் உழைப்பாளரே. 1971இல் ‘உங்கள் முக்கியப் பணி எது?’ என்ற கேள்வி முதலில் வைக்கப்பட்டது. நாற்று நடுபவளும், பால் கறந்து விற்பவளும், பீடி சுற்றுபவளும் தன் முக்கியப் பணி வீட்டைக் கவனிப்பது என்றே சொல்வாள். அவள் சொல்லாவிட்டாலும் திண்ணையில் அமர்ந்திருக்கும் கணவர் சொல்வார். அவ்வளவில் அவள் உழைக்காதவர் பட்டியலில் சேர்ந்தாள்.

வரையறை மாற்றம் மட்டுமே காரணம் என்று கொள்வதும் பிழையாகும். சணல் ஆலைகளிலும் பருத்தி ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பெண்களின் பங்கு உண்மையிலேயே குறைந்து வந்ததைக் குழு எடுத்துக்காட்டியது. புதிய இயந்திரங்கள் வந்தபோது பயிற்சி ஆண்களுக்கே கிட்டியது; இரவு வேலைக்கான தடை, பேறுகாலச் சலுகைகளின் செலவு ஆகியன ஆலை நிர்வாகங்களுக்குச் சாக்காயின. ஆக, ஒரு பகுதி உண்மையான இழப்பு. மறு பகுதி படிவத்தில் நேர்ந்த மறைவு. இரண்டையும் பிரித்தறிய வழியில்லாத நிலையே எல்லாவற்றிலும் மோசமானது.

இக்குறையை ஈடுசெய்ய ஆய்வாளர்கள் வேறு வழி தேடினர். 1970களின் இடைப்பகுதியில் தேவகி ஜெயினும் அவருடன் பணியாற்றியோரும் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில சிற்றூர்களைத் தேர்ந்து, மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று பதிவு செய்தனர். உழைக்காதவர் என்று கணக்கில் எழுதப்பட்ட பெண்கள் பலர் புல் அறுப்பதிலும் கால்நடை பேணுவதிலும் களத்து வேலையிலும் நாளில் பல மணி நேரம் ஈடுபட்டிருந்தனர் என்பது தெரியவந்தது.

1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைப்பவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தவர் குறுநிலைத் தொழிலாளர் என்ற பிரிவு வந்தது. 1991இல், குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் இதில் அடங்கும் என்ற சொற்கள் கேள்வியிலேயே சேர்க்கப்பட்டன. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயன் இது. 1981இல் 19.67 சதவிகிதமாக இருந்த பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, 1991இல் 22.27 சதவிகிதமாகவும் 2001இல் 25.63 சதவிகிதமாகவும் பதிவாயிற்று. 2011இல் அது 25.51 சதவிகிதம். அந்த ஆண்டு கணக்கில் வந்த ஏறத்தாழ 15 கோடிப் பெண் தொழிலாளருள் பத்தில் நால்வர் குறுநிலைத் தொழிலாளர்.

கையெழுத்திடக் கற்ற இரவு

படிவங்களின் வரலாறு இவ்வாறிருக்க, பெண்கள் தாமே தம்மைப் பதிவு செய்துகொள்ள முற்பட்ட வரலாறும் உண்டு. அகமதாபாத் நகரில் அனசூயா சாராபாய் 1918ஆம் ஆண்டின் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர். அங்கு உருவான ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவில் பணியாற்றிய இளா பட், 1972இல் சுயதொழில் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். ‘சேவா’ என்ற பெயரால் அறியப்படுவது இதுவே. துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்குவோர், கைவண்டி இழுப்போர், துண்டுத் துணி தைப்போர், காய்கறி விற்போர் ஆகியோர் அதன் உறுப்பினர்.

தொழிற்சங்கமாகப் பதிவு செய்யச் சென்றபோது பதிவாளர் அலுவலகம் தயங்கியது. இப்பெண்களுக்கு முதலாளி இல்லை. முதலாளி இல்லாதவிடத்துத் தொழிற்சங்கம் யாருடன் பேரம் பேசும் என்பது கேள்வி. தொழிலாளரின் ஒற்றுமைக்காகவே சங்கம், எதிரில் ஒரு முதலாளி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று வாதாடி, 1972 ஏப்ரலில் பதிவு பெற்றனர்.

வங்கியின் கதை இன்னும் சுவையானது. கந்துவட்டியிலிருந்து மீள இப்பெண்கள் தாமே கூட்டுறவு வங்கி தொடங்க எண்ணினர். 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்தினர். எழுத்தறியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்ற ஐயம் எழவே, அமைப்பாளர்களாக முன்வந்த பெண்கள் ஓரிரவு முழுதும் விழித்திருந்து தம் பெயரைக் கையெழுத்திடக் கற்றனர். 1974இல் வங்கி தொடங்கியது. எழுத்தறியாத உறுப்பினருக்குக் கணக்கேட்டில் புகைப்படம் ஒட்டி அடையாளம் காணும் முறையும் அங்குக் கையாளப்பட்டது. கடன் தர மறுக்கப்பட்டவர்கள் கடனைத் தவறாமல் திருப்புபவர்கள் என்பதை நாட்டுக்குக் காட்டியவற்றுள் இவ்வங்கியும் ஒன்று. 1987இல் மத்திய அரசு சுயதொழில் பெண்களுக்கும் அமைப்புசாராத் துறைப் பெண்களுக்குமான தேசிய ஆணையத்தை இளா பட் தலைமையில் நிறுவியது. ‘ஷ்ரம்சக்தி’ என்னும் அதன் அறிக்கை 1988இல் வெளிவந்தது.

பட்டாவில் பெயர்

பீகாரில் போத்கயா பகுதியில் ஒரு மடத்தின் வசம் உச்சவரம்பை மீறிய பெருநிலம் இருந்தது. 1978 முதல், ஜெயப்பிரகாஷ் நாராயணன் தோற்றுவித்த இளைஞர் அமைப்பான சத்ர யுவ சங்கர்ஷ் வாஹினியின் துணையுடன், அந்நிலத்தில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்கள் உரிமை கோரிப் போராடினர். பெண்கள் முன்னணியில் நின்றனர். நிலம் கிடைக்கும் காலம் நெருங்கியபோது, பட்டா பெண்கள் பெயரிலும் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். குடும்பத் தலைவர் ஆண்தானே என்று முதலில் அதிகாரிகள் மறுத்தனர்; சொந்தக் குடும்பத்து ஆண்களும் தயங்கினர். நிலம் கணவன் பெயரில் வந்தால், குடித்துவிட்டு அடிப்பவனுக்கு இன்னும் வலிமை சேரும் என்பது அப்பெண்களின் வாதம். சில சிற்றூர்களில் பெண்கள் பெயரிலேயே நிலம் வழங்கப்பட்டது. இந்திய நிலச் சீர்திருத்த வரலாற்றில் இது அரியதொரு நிகழ்ச்சி.

ஆறாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் (1980-85) முதன்முறையாகப் பெண்களும் மேம்பாடும் பற்றித் தனி அத்தியாயம் இடம்பெற்றது. நிலமும் மனையும் வழங்கும்போது கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா தர முயல வேண்டும் என அதில் கூறப்பட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரவில்லை. ஆந்திரப் பிரதேசம் 1986இலும் தமிழ்நாடு 1989இலும் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் 1994இலும் திருத்தம் செய்தன. 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. தந்தை அச்சமயம் உயிரோடு இருந்தாரா என்ற கேள்விக்கு, அது தேவையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் திருந்தியது, பட்டா திருந்தவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 3.6 கோடிப் பெண்கள் பயிரிடுவோர். 6 கோடிக்கு மேற்பட்டோர் விவசாயத் தொழிலாளர். ஆனால் 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் பெண்கள் நடத்தும் கைப்பற்று நிலங்கள் எண்ணிக்கையில் ஏறத்தாழ 14 சதவிகிதமே; பரப்பில் 12 சதவிகிதத்தையும் எட்டவில்லை. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, இடுபொருள் மானியம் ஆகிய யாவும் பெரும்பாலும் பட்டாவை ஒட்டியே செல்பவை. கணவர் நகரத்துக்கு வேலைக்குச் சென்ற குடும்பங்களில் பயிர் முழுவதும் மனைவியின் பொறுப்பு. கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்திடும் உரிமையோ ஊரில் இல்லாத கணவருக்கு. வருவாய்த் துறையில் பணிபுரிவோர் இதனை நாள்தோறும் காண்பர். சகோதரர்களுக்குப் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித்தரும் விடுதலைப் பத்திரங்கள் பதிவாகும் எண்ணிக்கையும் அவர்களுக்குத் தெரியும். அன்பின் பொருட்டு எழுதப்படுவன சில. பிறந்த வீட்டு வாசல் அடைபடுமே என்ற அச்சத்தால் எழுதப்படுவன பல.

நேரத்தின் கணக்கு

உழைப்பை ஆண்டுக் கணக்கில் கேட்பதை விட நாளின் மணிக்கணக்கில் கேட்பது தெளிவு தரும் என்பதை அரசுப் புள்ளியியல் துறையும் ஏற்றது. 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை அரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒரிசா, தமிழ்நாடு, மேகாலயா ஆகிய ஆறு மாநிலங்களில் 18,591 குடும்பங்களில் முன்னோடி ஆய்வு நடந்தது. சமையல், துப்புரவு, குழந்தை பேணல் போன்றவற்றில் வாரத்திற்கு ஆண்கள் சராசரியாக 3.6 மணி நேரமும் பெண்கள் 34.6 மணி நேரமும் செலவிட்டனர் என்று அதில் தெரிந்தது. நாடு தழுவிய முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு இருபது ஆண்டுகள் கழித்து, 2019இல்தான் நடந்தது. ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289, 88. பெண்ணின் பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது.

தேசிய வருமானக் கணக்கில் விறகு பொறுக்குவதும் நீர் சுமப்பதும் உற்பத்தியாகக் கொள்ளப்படலாம். அவ்விறகில் அந்நீரை வைத்துச் சமைப்பது உற்பத்தி ஆகாது. பொருளியல் மாணவர் இந்த எல்லைக்கோட்டை மனப்பாடம் செய்கின்றனர். அது எங்கே, யாரால், ஏன் வரையப்பட்டது என்பதையும் அவர்கள் கேட்பது தகும். 1939ஆம் ஆண்டின் துணைக் குழு அக்கேள்வியைக் கேட்டது என்பது மேலே கூறப்பட்டது.

அண்மையில் வேறொரு மாற்றம் தென்படுகிறது. காலமுறை தொழிலாளர் ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவிகிதம், 2023-24இல் 41.7 சதவிகிதம். இவ்வுயர்வை வரவேற்பதற்கு முன், அதன் உள்ளடக்கத்தைக் காண வேண்டும். பணிபுரியும் பெண்களில் மூன்றில் இரு பங்கினர் சுயதொழில் செய்வோர். அவர்களுள் பெருந்தொகையினர் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர். முன்பு விடுபட்ட உழைப்பு இப்போது ஏட்டில் ஏறியிருந்தால் அது நன்மையே. அதனைப் புதிய வேலைவாய்ப்பு என்று கொண்டால், 1971ஆம் ஆண்டின் பிழையைத் தலைகீழாகச் செய்ததாகும்.

பெயர் உண்டு, நாற்காலி இல்லை

1974ஆம் ஆண்டுக் குழுவின் பெரும்பான்மையினர் சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வேண்டாம் என்றனர். வீணா மஜும்தாரும் லோதிகா சர்க்காரும் மாறுபட்ட கருத்தைத் தனிக் குறிப்பாகப் பதிவு செய்தனர். 1992இல் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கின. பல மாநிலங்கள் பின்னர் பாதியாக உயர்த்தின. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106ஆவது திருத்தம் 2023இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னரே அது செயல்படும் என்பது அத்திருத்தத்திலேயே சொல்லப்பட்டது. பெண்களின் பிரதிநிதித்துவமும் கடைசியில் கணக்கெடுப்பு ஏட்டை நம்பி நின்றது.

ஊராட்சித் தலைவியின் கணவர் கூட்டத்தை நடத்துவதும், தலைவி கையெழுத்து மட்டும் இடுவதும் வடக்கே ‘சர்பஞ்ச் பதி’ என்று வழங்கப்படுகிறது. தெற்கிலும் இது அறியாத வழக்கமன்று. 1951இல் பெண் இருந்தாள், பெயர் இல்லை. இங்கோ பெயர் இருக்கிறது, பெண் இல்லை. இதனைக் காட்டி ஒதுக்கீடே வீண் என்று முடிவு கட்டுவோர், முதல் பருவத்தில் வாய் திறவாமல் இருந்த பெண்கள் இரண்டாம் பருவத்தில் குடிநீருக்கும் சாலைக்கும் வாதாடுவதைக் காணாதவர்கள். தலைவியை நேரில் அழைத்துப் பேசாமல் கணவரிடம் செய்தி சொல்லியனுப்பும் வட்டார அலுவலருக்கும் இவ்வழக்கத்தில் பங்குண்டு.

படிவத்துக்கு வெளியே

ஏடுகளில் எக்காலத்தும் ஏறாத செய்திகள் பல உண்டு. தெலுங்கானா விவசாயிகள் போராட்டத்தில் (1946-51) ஈடுபட்ட பெண்களை, ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்னும் குழுவினர் முப்பதாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் தேடிச் சென்று உரையாடி, அவர்தம் சொற்களிலேயே 1986இல் தெலுங்கில் நூலாக்கினர். போராட்டம் பற்றிய தலைவர்களின் நூல்களில் காணாத பலவற்றை அப்பெண்கள் கூறினர்: தலைமறைவு வாழ்வில் குழந்தையை யாரிடம் விட்டது, போராட்டம் ஓய்ந்தபின் வீடு எவ்வாறு ஏற்றது போன்றவை. 1974இல் பம்பாயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும், 1980இல் டெல்லியிலும் பெண்கள் ஆய்வு மையங்கள் தோன்றின. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப்பின் பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய மையங்கள் பரவின. அங்குப் பயில்வோர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பீடி சுற்றிய பாட்டியும், கணக்கெடுப்புக்கு ‘வீட்டு வேலை’ என்று பதில் தந்த தாயும் அவர்கள் இல்லங்களிலேயே உள்ளனர்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டு, 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொள்ளும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய பணிகளில் பயிற்சி தரும் அலுவலர்கள் ஒன்றை நினைவிற் கொள்வது நலம். ‘வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிறார்களா?’ என்று வாசலில் நின்று பொதுவாகக் கேட்டால், ‘இல்லை’ என்ற விடையே பெரும்பாலும் வரும். மாடு உண்டா, பால் கறப்பவர் யார், பாலை விற்பது எங்கே, களை எடுப்பவர் யார், மாலையில் தைப்பதோ பீடி சுற்றுவதோ உண்டா என்று ஒவ்வொன்றாக, அப்பெண்ணிடமே நேரில் கேட்டால் விடை வேறு. ஒரு வீட்டில் இதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கையையும் மதிப்பூதியத்தையும் வகுக்கும்போதே அந்த நிமிடங்களுக்கும் இடம் வைத்தாக வேண்டும்.